உங்களுக்குத் தெரியுமா? ஒரே மேசை, வேறு வேறு சம்பளம்!

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் படியேறியவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். உயரமான மேசை. நடு நாற்காலியில் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். கேட்பது ஒரே வழக்கை; கையெழுத்துப் போடுவது ஒரே தீர்ப்பில். மாதம் பிறந்தால் மட்டும் மூவருக்கும் கிடைப்பது ஒரே தொகை இல்லை. நம்மூரில் 'கன்ஸ்யூமர் கோர்ட்' என்று சுருக்கிச் சொல்லும் இந்த இடத்தின் சம்பளக் கதையில் இருந்து சில துணுக்குகள்.

சமூக சேவகிக்கு ஒரு நாற்காலி

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதனால்தான் ஆண்டுதோறும் அந்த நாளைத் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த முதல் சட்டத்தில் மாவட்ட மன்றத்துக்கு மூன்று பேர். தலைவர், மாவட்ட நீதிபதியாக இருப்பவர், இருந்தவர், அல்லது அந்தத் தகுதி உள்ளவர். இரண்டாமவர், கல்வியிலோ வணிகத்திலோ பெயர் பெற்றவர். மூன்றாமவர், ஒரு சமூக சேவகி.

சேவை செய்ய வருகிறவருக்குச் சம்பளம் எதற்கு, போக்குவரத்துச் செலவுக்கு ஏதாவது கொடுத்தால் போதும் என்ற நினைப்பு இங்கேயே நுழைந்துவிட்டது என்பது என் கணிப்பு. 1993இல் சட்டத்தைத் திருத்தியபோது 'சமூக சேவகி' என்ற சொல் போய், உறுப்பினர் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெண்ணுக்கென்று சட்டம் உறுதிசெய்த இடம், மூன்றில் சம்பளம் குறைந்த நாற்காலிகளில் ஒன்றாக இருந்தது!

சம்பளமா, மதிப்பூதியமா?

பழைய சட்டத்தின் வாசகமே 'சம்பளம் அல்லது மதிப்பூதியம்' என்றுதான் இருந்தது. எது, எவ்வளவு என்பதை மாநில அரசு விதி போட்டு முடிவு செய்யலாம். நடு நாற்காலிக்கு மாவட்ட நீதிபதியின் சம்பளம், பக்கத்து நாற்காலிகளுக்குத் தொகுப்பூதியம் என்று பல மாநிலங்கள் பிரித்துக்கொண்டதற்கு இந்த 'அல்லது' வழிவிட்டது. தொகுப்பூதியம் என்றால் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். அகவிலைப்படி ஏறாது, ஆண்டு உயர்வு கிடையாது, ஊதியக் குழு வந்தாலும் நம் வாசலுக்கு வராது.

டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்திலேயே தொடக்க கால விதி இப்படித்தான். தலைவருக்கு உச்ச நீதிமன்ற நீதிபதியின் சம்பளம். உறுப்பினர்கள் முழு நேரமாக அமர்ந்தால் மாதத்துக்கு ஒரு மதிப்பூதியம். பகுதி நேரம் என்றால் அமர்ந்த நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. நாள் கூலி போல என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 'மன்றம்' என்பதை 'ஆணையம்' ஆக்கியது. மாவட்ட ஆணையத்தின் ஊதியப் பிரிவில் இப்போது 'சம்பளமும் படிகளும்' என்றுதான் இருக்கிறது.

ஓட்டு மட்டும் சமம்

தலைவர் மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு உறுப்பினர்களும் சட்டக் கல்லூரிப் பக்கமே போகாதவர்கள். மூவருக்கும் கருத்து வேறுபட்டால் யார் சொல்வது செல்லும்? பெரும்பான்மைதான். இரண்டு உறுப்பினர்கள் ஒரு பக்கம் நின்றால், அதுவே ஆணையத்தின் தீர்ப்பு. நீதிபதியாக இருந்தவர் தன் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

ஒரே எடையுள்ள ஓட்டு, வேறு எடையுள்ள சம்பளம் என்ற முரண் அங்கே தெளிவாகத் தெரியும்.

'கோரம் இல்லை'

எங்கள் தெருவில் ஓர் அக்கா, ஓடாத வாஷிங் மெஷினுக்காக வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு வாய்தா போய் வருவார். என்னக்கா ஆச்சு என்று கேட்டால், "கோரம் இல்லையாம் தம்பி" என்பார். அந்தச் சொல் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஏதோ மெஷினின் பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். தலைவர் தனியாக உட்கார்ந்து வழக்கு நடத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவரோடு குறைந்தது ஓர் உறுப்பினராவது சேர்ந்து அமர வேண்டும். பழைய சட்டத்திலும் இதுதான், புதிய சட்டத்திலும் இதுதான். உறுப்பினர் நாற்காலி இரண்டும் காலி என்றால் முழுச் சம்பளம் வாங்கும் தலைவர் வந்து உட்கார்ந்தாலும் வழக்கு நகராது. உறுப்பினருக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு இடிப்பது இங்கேதான். குறைந்த சம்பளத்துக்குத் தகுதியான ஆள் வருவதில்லை. ஆள் வராவிட்டால் தலைவரின் சம்பளமும் வீண். வழக்குப் போட்டவரின் பஸ் காசும் வீண்.

முப்பது வருட வக்கீல் நீதித்துறைக்காரரா?

இல்லை! 2002ஆம் ஆண்டுத் திருத்தம், மாநில ஆணையத்திலும் தேசிய ஆணையத்திலும் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் 'நீதித்துறைப் பின்னணி' உள்ளவர்கள் இருக்கக் கூடாது என்றது. அந்தப் பின்னணிக்கு ஓர் இலக்கணமும் தந்தது: மாவட்ட அளவிலான நீதிமன்றத்திலோ அதற்கு இணையான தீர்ப்பாயத்திலோ குறைந்தது 10 ஆண்டுகள் தலைமை வகித்திருக்க வேண்டும். வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பேராசிரியர், கணக்காளர், ஓய்வு பெற்ற அரசு அதிகாரி இவர்களோடு அவரும் 'நீதித்துறை சாராத' வரிசையில்தான் நிற்க வேண்டும்.

யார் நீதிபதி என்பதே வழக்கானது

தமிழ்நாடு மாநில ஆணையத்தின் தலைவர் பதவிக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் கூடுதல் நீதிபதி ஒருவரை நியமித்தார்கள். கூடுதல் நீதிபதியாக அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படாமல் முடிந்திருந்தது. அப்படிப்பட்டவரை 'உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்' என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2009இல் நியமனம் செல்லாது என்று தீர்ப்பானது. வழக்கின் பெயர் 'கண்ணதாசன் எதிர் அஜய் கோஸ்'. கவியரசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எத்தனை ரூபாய்க்குத் தீர்ப்பு?

1986இல் மாவட்ட மன்றம் 1 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைத்தான் விசாரித்தது. அது பிறகு 5 லட்சமாகி, 20 லட்சமாகி, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரே தாவலாக 1 கோடிக்குப் போய், 2021 டிசம்பரில் 50 லட்சத்துக்கு இறங்கியது. வரம்பு ஏறிய வேகத்தில் தொகுப்பூதியம் ஏறியதில்லை.

பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் வரை போனாலும் 1,000 ரூபாய்தான்.

கணவர் எழுதிய தீர்ப்பு

நாடு முழுவதும் இந்த மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துச் சொல்ல, 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி அரிஜித் பசாயத். அந்தக் குழு கொண்டுவந்த அறிக்கையைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பல இடங்களில் அமர்வு நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான். கோரம் இல்லாமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த இடங்களும் உண்டு. நீதித்துறை சாராத உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சின்ன உத்தரவைக்கூட எழுதவோ, சொல்லி எழுதவைக்கவோ வரவில்லை என்றது குழு. சில இடங்களில் உறுப்பினர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து தலைவருக்கு எதிராகச் சட்டத்துக்குப் புறம்பான உத்தரவுகளைப் போட்டிருக்கிறார்கள். ஹரியானாவில் ஒரு பெண் உறுப்பினரின் எழுத்து வேலையை அவருடைய கணவர் செய்துகொண்டிருந்தார்! பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் கதை நமக்குப் பழக்கம்தான். தீர்ப்பு மேசை வரை அது போகும் என்று நினைத்திருக்க மாட்டோம்.

இதே அறிக்கைதான் இந்த உறுப்பினர்களின் ஊதியத்தில் மாநிலத்துக்கு மாநிலம் ஒற்றுமையே இல்லை என்பதையும் சுட்டியது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய வருமானம் விட்டு வர முடியாத நல்ல வக்கீலும் நல்ல கணக்காளரும் ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்துக்கு யாருடைய சிபாரிசு வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அதற்காகத் தகுதியோடும் உழைப்போடும் தீர்ப்பு எழுதிய உறுப்பினர்களை ஒரே கோலால் அளப்பதும் அநியாயம். அவர்கள்தான் குறைந்த சம்பளத்தில் கூடுதல் சுமை இழுத்தவர்கள்.

2016 நவம்பரில், உத்தரப் பிரதேச வழக்கறிஞர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, மாதிரி விதிகளைத் தயாரிக்கும்படி மத்திய அரசுக்கு 4 மாத அவகாசம் கொடுத்தது.

ஒரே விதி, பல தொகை

2020இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஊதியத்துக்கென்று மாதிரி விதிகளும் வந்தன. மாநில ஆணைய உறுப்பினருக்கு மாநில அரசின் கூடுதல் செயலருக்குரிய ஊதியம்; மாவட்ட ஆணைய உறுப்பினருக்குத் துணைச் செயலருக்குரிய ஊதியம்; அதுவும் அந்த ஊதிய விகிதத்தின் அடிப்படியில். மாவட்டத் தலைவருக்கு வழக்கம்போல மாவட்ட நீதிபதியே அளவுகோல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துணைச் செயலரின் ஊதியம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆக, நாடெங்கும் ஒரே வாசகத்தை எழுதி வைத்தும் கையில் வந்தது ஒரே தொகையாக இல்லை. போதாக்குறைக்கு, மாதிரி விதி என்பது மாதிரிதான். மாநிலம் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது.

துணைச் செயலரும் முன்சீப்பும்

இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் ஏற்ற பிறகு, மாவட்ட நீதிபதியின் தொடக்க அடிப்படை ஊதியம் 1,44,840 ரூபாய். சூப்பர் டைம் ஸ்கேலில் உச்சம் 2,24,100. புதிதாக வேலைக்குச் சேரும் உரிமையியல் நீதிபதிக்கு, நாம் முன்சீப் என்கிறோமே அவருக்கு, 77,840.

மத்திய அரசில் துணைச் செயலரின் தொடக்க ஊதியம் 78,800. மாநிலக் கணக்கு வேறு என்றாலும் ஓர் ஒப்பீட்டுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால், 15 ஆண்டு அனுபவம் கேட்டு எடுக்கப்பட்ட ஆணைய உறுப்பினர், சட்டப் படிப்பு முடித்து நேற்றுச் சேர்ந்த முன்சீப்புக்குப் பக்கத்தில்தான் நின்றார். நடு நாற்காலிக்காரர் ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளி இருந்தார்.

டெல்லியில் தலைகீழ்

தேசிய ஆணையத்தில் இன்றைய கணக்கு வேறு. 2021ஆம் ஆண்டின் தீர்ப்பாய விதிகளின்படி தலைவருக்கு 2,50,000. உறுப்பினருக்கு 2,25,000, நீதித்துறையில் இருந்து வந்தவர், வராதவர் என்ற பேதமில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் மத்திய அரசின் செயலருக்கும் அதே 2,25,000தான் என்பதால் யாருக்கும் மனக்குறை இராது என்று நினைப்போம்.

அங்கேதான் ஒரு சின்ன வரி: ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் அந்தத் தொகையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியின் முழு ஓய்வூதியம் ஆண்டுக்கு 13,50,000. மாதத்துக்கு 1,12,500. கழித்தால் ஆணையத்தில் இருந்து கிடைப்பது 1,12,500. ஓய்வு பெற்ற செயலருக்கும் இதே கணக்கு. ஓய்வூதியமே இல்லாத வக்கீல் ஒருவர் உறுப்பினராக வந்தால் அவருக்கு முழு 2,25,000. (படிகளை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.)

எனவே நீதிபதியாக இருந்தவர்களிடம், "ஓய்வூதியம் நாங்கள் ஏற்கெனவே சம்பாதித்தது, இப்போது பாதிச் சம்பளத்துக்குத்தானே வேலை பார்க்கிறோம்" என்ற முணுமுணுப்பைக் கேட்கலாம். மாவட்டத்தில் உறுப்பினரின் குறை ஒருவிதம், டெல்லியில் நீதிபதியின் குறை இன்னொரு விதம்.

சென்னை வக்கீல்களின் விடாப்பிடி

தீர்ப்பாயங்களின் சம்பளம், பதவிக்காலம் பற்றிய பெரிய தீர்ப்புகளைப் புரட்டினால் 'மெட்ராஸ் பார் அசோசியேஷன்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்து வழக்கறிஞர் சங்கம்தான். அந்தச் சங்கத்தின் தலைவராக வழக்குத் தொடுத்த ஆர். காந்தியின் பெயரில் 2010இல் வந்த தீர்ப்பு, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் தொழில்நுட்ப உறுப்பினராக வருகிறவர் செயலர் அல்லது கூடுதல் செயலர் நிலையில் இருந்தவராக இருக்க வேண்டும், ஓர் அமர்வில் அவர்கள் எண்ணிக்கை நீதித்துறை உறுப்பினர்களை மிஞ்சக் கூடாது என்றது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மூன்றில் இரண்டு பேர் நீதித்துறை சாராதவர்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2020 நவம்பரில் அதே சங்கம் வாங்கிய தீர்ப்பில், அரசு வீடு கிடைக்காத தீர்ப்பாயத் தலைவர்களுக்கு மாதம் 1,50,000, உறுப்பினர்களுக்கு 1,25,000 வீட்டு வாடகைப்படி. டெல்லியில் வாடகை அப்படி! அடுத்த ஆண்டே மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு இதை மாற்றியது. நீதிமன்றம் 2021 ஜூலையில் அந்த அவசரச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. ஆகஸ்டில் கிட்டத்தட்ட அதே பிரிவுகளோடு புதிய சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் முக்கியமான பிரிவுகளும் செல்லாமல் போயின. கபடி ஆட்டம் போல இரு பக்கமும் பாடிப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

உறுப்பினராகப் பரீட்சை எழுதணும்

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், 50க்கு நேர்முகம். முதல் தாளில் பொது அறிவு, அரசமைப்பு, நுகர்வோர் சட்டம். இரண்டாம் தாளில் ஒரு கட்டுரை, பிறகு ஒரு வழக்கைக் கொடுத்துத் தீர்ப்பு எழுதச் சொல்வார்கள். கணவர் எழுதித் தரும் வசதி இதில் இல்லை. மாநில ஆணையத்துக்கு 20 ஆண்டு, மாவட்டத்துக்கு 15 ஆண்டு என்றிருந்த அனுபவத் தகுதியையும் 10 ஆண்டாகக் குறைத்தார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் இருந்து ஓர் உத்தரவு

அந்த மாநில ஆணைய உறுப்பினர்களின் ஊதியம், படிகள் பற்றிய கேள்வி 2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு மாநிலத்தின் குறையாகத் தொடங்கியது, எல்லா மாநிலங்களின் விதிகளையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்காக வளர்ந்தது. 2025இல் நீதிமன்றம், அரசமைப்பின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, நாடு முழுவதும் ஒரே அளவில் ஊதியம் தரும்படி உத்தரவிட்டது. மாதிரி விதி செய்ய முடியாததைச் செய்ய 142 தேவைப்பட்டிருக்கிறது.

சட்டென்று சில

2020ஆம் ஆண்டு விதிப்படி மாவட்ட, மாநில ஆணையங்களில் பதவிக்காலம் 4 ஆண்டு. பழைய சட்டத்தில் 5.

காலி இடங்களை நிரப்பாத மாநிலங்களைப் பார்த்து அலுத்துப்போன உச்ச நீதிமன்றம், 2021இல் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆணையங்கள் வேண்டாமென்றால் சட்டத்தையே நீக்கிவிடலாமே என்று மத்திய அரசிடம் கேட்டது.

வழக்கை 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதம். வாஷிங் மெஷின் அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

வழக்குக்கு முன்னால் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் வீட்டு பீரோவில் ஏதாவது பழைய நுகர்வோர் வழக்குத் தீர்ப்பின் நகல் இருந்தால் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் உறுப்பினர் கையெழுத்து ஒன்றாவது இருக்கும். அது இல்லாவிட்டால் அந்தத் தாள் தீர்ப்பே ஆகாது.